அஞ்சு இலை வில்வம்: வெளக்குக் கரியில அச்செடுத்து செடியக் கண்டுபிடிச்ச கதை

ரெண்டு வருஷமா எங்க வாசல் தொட்டியில நிக்கற செடி என்ன செடின்னு போன வாரம்தான் முடிவாச்சு. வெளக்குக் கரியும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் கலந்து இலையில தட்டி காயிதத்துல அழுத்தி எடுத்த ஒரு அச்சுதான் முடிவு பண்ணுச்சு. நடுவுல ஒரு மழைக்காலம் முழுக்க போச்சு, கொஞ்சம் காசும் போச்சு, அம்மாவோட நல்ல பூரிக்கட்டையும் போச்சு. மறக்கறதுக்கு முன்னாடி வரிசையா எழுதி வச்சிடறேன்.

நாங்க இருக்கறது பர்மாவுல, மோல்மேன். செடிய 2023 கடைசில மண்டலேல இருந்து மாமா கொண்டாந்தாங்க, ஒரு சாண் உயரம், கறுப்பு பிளாஸ்டிக் பையில. "வில்வம்டா, நம்ம சாமிக்கு வச்சுக்க"ன்னு குடுத்தாங்க. அன்னைக்கு தட்டோன்ல இருந்து அத்தையும் வந்திருந்தாங்க, அவங்க இலைய ஒரு தடவ பார்த்துட்டு "வில்வம் இல்லடா, இது மகாவில்வம்"னாங்க. நான் என்ன நெனச்சேன்னா மகான்னா பெருசு, அப்ப வளர வளர இலை பெருசாகும்னு. உண்மையா சொல்றேன், அதுக்காகவே ஒன்றரை வருஷம் மாட்டெருவும் பிண்ணாக்கும் போட்டு அது பெருசாகும் பெருசாகும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். செடி ரெண்டரை அடிக்கு வந்துச்சு, முள்ளு நல்லா வந்துச்சு, இலை மட்டும் அதே சைஸ்.

2025 பிப்ரவரில சிவராத்திரிக்கு ஒரு தட்டு நெறைய பறிச்சுக்கிட்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி ஐயா ஒண்ண எடுத்து விரிச்சுப் பார்த்துட்டு தட்ட அப்படியே திருப்பிக் குடுத்துட்டாரு. "தம்பி, வில்வம்னா மூணு. இதுல அஞ்சு இருக்கு, இந்தா இதுல ஏழு இருக்கு. என்னன்னு தெரியாம நான் மேல போட மாட்டேன்." ஜனங்க நிக்கறாங்க, எனக்கு மூஞ்சி எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. சரி மாமாகிட்ட கேப்போம்னு ஒரு மாசம் தள்ளிப் போட்டேன், மார்ச் 28 பூகம்பம் வந்துடுச்சு, அதுக்கப்புறம் மண்டலேக்கு போன் போட்டு செடியப் பத்தியா கேக்க முடியும், ஆளு நல்லா இருக்காங்களான்னு தெரியறதுக்கே நாலு நாள் ஆச்சு. (நல்லா இருக்காங்க. மதில் மட்டும் சாஞ்சிடுச்சு.)

அதனால நானே கண்டுபிடிக்கறதுன்னு இறங்கினேன். மொதல்ல போன்ல செடி பேர் சொல்ற ஆப்பு ஒண்ணு. மூணு போட்டோ எடுத்தேன், மூணுக்கும் மூணு பேரு, ஒண்ணு எலுமிச்சைன்னுச்சு. அத அழிச்சிட்டேன். இலைகளச் சேத்து காயவச்சு, தெரிஞ்ச செடிங்களோட பக்கத்துல வச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்னு தோணுச்சு, ஸ்கூல்ல பிள்ளைங்க நோட்டுல ஒட்டுவாங்கல்ல அது மாதிரி, ஆனா கொஞ்சம் ஒழுங்கா.

இலைய அழுத்திக் காயவைக்க ஒரு பிரஸ் பண்ணேன். பிளைவுட் ரெண்டு துண்டு, 12க்கு 18 இஞ்சு, அரை இஞ்சு கனம், ஆசாரி கடையில மிச்சத் துண்டுதான், ரெண்டும் சேத்து 9,000 சாட் (பர்மா காசு). நாலு மூலையிலயும் ஓட்டை போட்டு 6 இஞ்சு போல்ட்டும் கையால திருகற நட்டும், ஒரு செட்டு 1,200, நாலுக்கு 4,800. நடுவுல பழைய பேப்பர். பார்க்க ரொம்ப அழகா வந்துச்சு, பெருமையா இருந்துச்சு. தப்பு எங்கன்னா நான் இத ஆரம்பிச்சது ஜூன் கடைசில. இங்க வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல மழை, அதுல பெரும்பங்கு ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள கொட்டிடும், வெளிய போட்ட லுங்கியே மூணு நாள் காயாது, அதுல நான் இலைய காயவச்சேன். பதினொரு செடி வச்சு முறுக்கிட்டு அஞ்சு நாள் கழிச்சுத் தொறந்தா ஒம்பதுல பூஞ்சை. வெள்ளையா பஞ்சு மாதிரி. பேப்பர தெனம் மாத்தணும், தாள் நடுவுல அட்டைப்பெட்டி அட்டை (உள்ள வரி வரியா ஓட்டை இருக்கற அட்டை) வச்சா காத்துப் போகும், கீழ பல்பு சூடு குடுக்கணும்னு அப்புறம் தெரிஞ்சுச்சு. பல்பு எங்க, கரண்ட் நாலு மணிநேரம் வந்தா எட்டு மணிநேரம் இருக்காது.

அடுத்தது இஸ்திரிப் பெட்டி. கரிப்பெட்டிதான். பேப்பருக்கு நடுவுல இலைய வச்சுத் தேச்சேன், மா இலை பழுப்பாச்சு, வெத்தல சருகாச்சு, நம்ம தொட்டிச் செடி இலை மட்டும் கண்ணு கண்ணா கழண்டு வந்துடுச்சு. குட்டி இலைங்க தனியா, நடுக்காம்பு அரை அரை இஞ்சுத் துண்டா, சங்கிலி அறுந்த மாதிரி. கெட்டுப் போச்சுன்னு கூட்டித் தள்ளிட்டேன். அதுதான் மொத துப்புன்னு அப்ப தெரியல.

ஆக பிரஸ்ஸுக்குப் போட்ட 13,800 தண்டம்னு உக்காந்திருக்கும்போது அம்மா என் தங்கச்சி பிள்ளைக்கு கண்மை போட வெளக்குக் கரி பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அகல்ல விளக்கெண்ணெய், கரிசலாங்கண்ணிச் சாறுல நனைச்சுக் காயவச்ச துணித் திரி, ரெண்டு பக்கம் செங்கல், மேல கவுத்த பித்தளைத் தட்டு. காலைல தட்டுல படிஞ்சிருந்த கரிய விரலால தொட்டுட்டு காயிதத்துல தொடச்சேன், என் ரேகை ஒவ்வொரு கோடும் விழுந்துச்சு. ரேகை விழுந்தா நரம்பு விழாதா?

கண்மை மாதிரியே விளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சேன். பழைய வேட்டித் துணியில பஞ்சு வச்சு முடிச்சுக் கட்டி ஒரு தட்டி பண்ணி (எலுமிச்சம்பழ சைஸ் போதும்) இலையோட அடிப்பக்கத்துல லேசா தட்டி, மைப் பக்கம் கீழ வர்ற மாதிரி காயிதத்துல வச்சு, மேல ஒரு பேப்பர் போட்டு அம்மாவோட பூரிக்கட்டையால ஒரே ஓட்டா ஓட்டி எடுத்தேன். அடேயப்பா. நரம்பு, அதுக்குள்ள கிளை நரம்பு, ஓரத்துல பூச்சி கடிச்ச ஓட்டை வரைக்கும் விழுந்துச்சு. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கொல்லையில இருக்கற எல்லா இலையையும் டார்ச் அடிச்சுப் பறிச்சு அச்சடிச்சேன், பதினாலு தாள். காலைல எடுத்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இழுகி கறுப்புக் கோலம். விளக்கெண்ணெய் காயவே காயாது, அதனாலதான அது கண்ணுக்கு மை, அந்த அறிவு எனக்கு ராத்திரி வரல.

காயற எண்ணெய் வேணும். பெயிண்ட் கடையில லின்சீட் எண்ணெய், சின்ன பாட்டில் 4,500. அது காய்ச்சாத பச்சை எண்ணெய், அதுல கலந்தது காய ஆறு நாள் எடுத்துச்சு, மழையும் காரணம், கரி சேர்ந்தாலும் மெதுவாத்தான் காயும். அப்புறம் கடைக்காரர் ‘டபுள் பாயில்டு’ன்னு (காய்ச்சின எண்ணெய்) போட்டிருந்த டப்பால இருந்து கொஞ்சம் சும்மா ஊத்திக் குடுத்தாரு, அதுல ரெண்டு நாள்ல காஞ்சிடுச்சு. அளவு: அரை டீஸ்பூன் கரிக்கு எட்டுல இருந்து பத்து சொட்டு, அதுக்கு மேல போனா இலை ஓரத்துல எண்ணெய் கசிஞ்சு மஞ்சளா வட்டம் விழும். அரை டீஸ்பூன் கரி பிடிக்க ஒரு ராத்திரி வெளக்கு எரியணும். இன்னொண்ணு, லின்சீட் நனைஞ்ச துணிய சுருட்டிக் குப்பைல போடாதீங்க, தானா சூடேறித் தீப்பிடிக்கும், தண்ணி வாளில முக்கிட்டு அப்புறம் விரிச்சுக் காயப் போடணும். பெயிண்ட் கடைக்காரர் எண்ணெய் குடுக்கறதுக்கு முன்னாடி இதத்தான் ரெண்டு தடவ சொன்னாரு.

காயிதத்துக்கு ஏ4 சரிப்படல, வழவழன்னு மை நிக்கல. பிந்தயால குடை செய்யற ஊர் இருக்குல்ல, அங்க மரப்பட்டையில பண்ற ஷான் பேப்பர் இங்கயும் கிடைக்கும், ஒரு தாள் 700, பத்து வாங்கினேன், 7,000. அத நாலா வெட்டினா நாப்பது. அதுல அச்சு துணியில முத்திரை குத்தின மாதிரி உக்காருது. பறிச்ச உடனே அடிச்சா இலைல இருக்கற தண்ணி கக்கும், ஒரு மணிநேரம் புஸ்தகத்துக்குள்ள வச்சுட்டு அடிக்கணும். ஒருதடவ மை தட்டி ரெண்டு அச்சு எடுங்க, மொத அச்சு அப்பிக்கும், ரெண்டாவதுதான் சுத்தம். பூரிக்கட்டைய திரும்ப அடுப்படிக்குக் கொண்டு போகாதீங்க. நான் கொண்டு போனேன்.

ஆகஸ்ட் கடைசில என்கிட்ட முப்பத்தெட்டு செடியோட அச்சு. இனிமே சுலபம்னு நெனச்சேன்ல, இங்கதான் பெரிய கோணல். தரையில பாய் போட்டு வடிவத்தப் பாத்து கூறு கட்டினேன்: உருண்டை, நீளம், இதயம், கை மாதிரி விரிஞ்சது. இதயக் கூறுல வெத்தல, அரசு, பூவரசு, சீந்தில் எல்லாம் ஒண்ணா கெடக்கு. நாலும் நாலு குடும்பம், சொந்தம் பந்தம் கெடையாது. கறுப்பு அச்சா பார்த்தா வெத்தலையும் பூவரசும் தூரத்துல ஒண்ணுதான், கடையில குன்யா (வெத்தலபாக்கு) மடிக்கறவன் கையில பூவரச குடுத்து ஏமாத்தலாம் போல. கிட்டப் பார்த்தாத்தான் வெத்தலையில நரம்பெல்லாம் அடியிலயே பிரிஞ்சு வளைஞ்சு நுனிய நோக்கி ஓடறது தெரியும், அரச இலைல ஒரே முதுகெலும்பு, அதுல இருந்து ரெண்டு பக்கமும் கிளை, முனையில வால் நீண்டு கெடக்கும்.

அதவிட மோசம், ரெண்டு தாள ரெண்டு வேற செடின்னு வேற வேற கூறுல வச்சிருந்தேன், ஒண்ணு முட்டை வடிவம், இன்னொண்ணு கோழிக்கால் மாதிரி விரிஞ்சது. பின்னாடி பென்சில்ல நானே எழுதியிருக்கேன், ரெண்டுமே சின்பாவ். இந்த ஊர்ல வாரத்துல மூணு நாள் சாப்பிடற புளிச்ச இலை! அதுல அடி இலை முழுசா இருக்கும், மேல போகப் போக மூணா அஞ்சா பிளக்கும். கொல்லையில பலாக் கன்னும் அப்படித்தான், கன்னுல சில இலை மூணு மடலா வெட்டுப்பட்டு இருக்கு, பெரிய மரத்துல ஒண்ணு கூட அப்படி இல்ல. வடிவத்த மட்டும் நம்பினா ஒரே செடி ரெண்டாகும், நாலு செடி ஒண்ணாகும். கூறெல்லாம் கலைச்சேன்.

இதுக்குள்ள என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டாரு (அவரு ரப்பர் தோட்டத்துல ஒட்டுக் கட்டறவரு): "மச்சான், நீங்க எத இலைங்கறீங்க?" என்ன கேள்வி இதுன்னு தோணுச்சு. ஒட்டுக் கட்டறவங்களுக்கு மொட்டுதான் கணக்கு, இலைக் காம்பு கிளைல சேர்ற எடத்துல, கக்கத்துல, ஒரு மொட்டு இருக்கும். மொட்டு இருந்தா அதுல இருந்து வெளிய நீட்டிக்கிட்டிருக்கறது மொத்தமும் ஒரே இலை, அதுல பத்து துண்டு தொங்கினாலும் சரி. துண்டோட கக்கத்துல மொட்டு இருக்காது. வேப்பிலைல நாம இலைன்னு உருவறது துண்டுதான், முழுக் கொத்துதான் ஒரு இலை. முருங்கைல ஒரு இலை ஒரு முழம் இருக்கும், நாம ஆயறது அதோட பேரப்பிள்ளைங்கள. நான் அதுவரைக்கும் பாதி தாள்ல துண்டத்தான் இலைன்னு அச்சடிச்சு வச்சிருந்தேன். பதினேழு செடி திரும்ப அடிக்க வேண்டி வந்துச்சு, இந்த தடவ காம்போட, ஒரு துண்டு கிளையோட.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தாள் கீழயும் இந்த வரிசைல எழுத ஆரம்பிச்சேன். மொட்டு எங்க, அதாவது தனி இலையா கூட்டிலையா. அப்புறம் கிளைல ஜோடி ஜோடியா நிக்குதா மாத்தி மாத்தி நிக்குதா. அப்புறம் ஓரம், நேரா, பல்லா, அலையா. நரம்பு. கசக்கினா என்ன வாசனை, ஒடிச்சா பாலா. கடைசியா வடிவம். இந்த வரிசைல போனதும் கறிவேப்பிலையும் வேம்பும் ஒரு நிமிஷத்துல பிரிஞ்சிடுச்சு. வேம்புல துண்டு ஓரம் பல்லு, அடி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கோணலா இருக்கும். கறிவேப்பிலைல துண்டுங்க மாத்தி மாத்தி, முனையில ஒண்ணு ஒத்தையா. அதோட இலைக்குப் பின்னால போன் டார்ச் அடிச்சுப் பாத்தா ஊசி குத்தின மாதிரி வெளிச்சப் புள்ளி தெரியும், எண்ணெய்ப் பை அது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாத்துலயும் உண்டு, எல்லாம் எலுமிச்சை வம்சம். வேம்புல கெடையாது.

தொட்டிச் செடிக்கு டார்ச் அடிச்சேன். புள்ளி, நெறைய. அழிச்ச ஆப்பு எலுமிச்சைன்னது அவ்வளவு மோசமில்ல போல.

செப்டம்பர் ரெண்டாவது வாரம் அதோட முழு இலைய அடிச்சேன். ஸ்கேல் வச்சு அளந்தது: மொத்த நீளம் 8 செ.மீ., துண்டு அஞ்சு, பெருசு 3 செ.மீ., ரெண்டு ஜோடி எதிரெதிரா முனையில ஒண்ணு. அச்சு காஞ்சதும் ஜன்னல்ல வச்சுப் பார்த்தா ரெண்டு விஷயம், ரெண்டு வருஷமா தெனம் தண்ணி ஊத்தியும் கண்ணுல படாதது. ஒண்ணு, நடுக்காம்பு வெறும் காம்பு இல்ல, ரெண்டு பக்கமும் 2, 3 மி.மீ. அகலத்துக்கு றெக்கை, ஒவ்வொரு ஜோடிகிட்டயும் இடுப்பு மாதிரி சுருங்கி மறுபடி விரியுது. இஸ்திரிப் பெட்டில கண்ணு கண்ணா கழண்டது அதுதான், அந்த இடுப்புல மூட்டு இருக்கு. ரெண்டு, துண்டோட ஓரம் நேரா இல்ல, சின்னச் சின்ன உருண்டைப் பல்லு, முறுக்கு ஓரம் மாதிரி. பச்சைல பச்சையா இருக்கும்போது தெரியல, கறுப்புல வெள்ளையா தெரிஞ்சுச்சு.

ஊர் மறுகோடில இருக்கற கோயில்ல நிஜ வில்வம் நிக்குது, கேட்டு ஒரு கொப்பு வாங்கினேன். மூணு துண்டு, ஓரத்து ரெண்டுக்கும் காம்பே இல்லாத மாதிரி, நடுத்துண்டுக்கு மட்டும் நீளக் காம்பு, காம்புல றெக்கை கெடையாது. அப்ப வில்வம் இல்ல, பூசாரி ஐயா சொன்னது சரி. அடுத்து சந்தேகம் விளா, அதுலயும் அஞ்சு ஏழு வரும், ஆனா விளாவுல துண்டு முனை உருண்டு நடுவுல லேசா குழி, ஓரம் கிட்டத்தட்ட நேரா. இது மட்டும் படத்த வச்சு சொன்னது, கையில இலை கெடைக்கல.

றெக்கை வச்ச நடுக்காம்பு, மூட்டு, உருண்டைப் பல்லு, எலுமிச்சை வம்சம், முள்ளு. இத வச்சு நெட்டுல தேடினா வந்தது நாரிங்கி கிரெனுலாட்டா. கிரெனுலாட்டான்னா அந்த உருண்டைப் பல்லுதான், பேருலயே இருக்கு. தமிழ்ப் பேரு என்ன போட்டிருக்கு? மகாவில்வம். பர்மியப் பேரு? தனக்கா.

எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்தேன். தெனம் காலைல கல்லுல ஒரச்சு அம்மா, தங்கச்சி, நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப நானும் கன்னத்துல பூசினது. கட்டைய கண்ண மூடிக்கிட்டு மோந்தே எங்க வீட்ல எல்லாரும் சொல்லுவாங்க, இலைய ஒருத்தருக்கும் தெரியல. பக்கத்து வீட்டு அமாகிட்ட (அமான்னா அக்கா) கொப்ப காட்டினேன், தனக்கா விக்கறவங்க அவங்க, "இதுவா? இல்லவே இல்ல"ன்னு சிரிச்சாங்க. அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது, அந்த மரம் நிக்கறது ஷ்வேபோ, பக்கொக்கு பக்கத்துக் காஞ்ச பூமியில, இந்த மழைச் சீமைக்கு கட்டையாத்தான வந்து சேருது. ஒரு பென்சில் தடி கொப்ப ஒரச்சுப் பார்த்தேன், பச்சை வாசனை மட்டும் வந்துச்சு. நல்ல கட்டைக்கு மரம் முப்பத்தஞ்சு வருஷமாவது நிக்கணும்பாங்க.

கடைசியா மாமாவுக்கே அச்ச போட்டோ எடுத்து அனுப்பினேன். அவருக்குத் தெரிஞ்சவர் ஷ்வேபோ பக்கம் தோட்டம் வச்சிருக்காரு, அங்கருந்து இலைய கையில விரிச்சுப் பிடிச்ச போட்டோ போன வாரம் வந்துச்சு. றெக்கை, இடுப்பு, பல்லு, ஒண்ணு விடாம. மாமா கீழ எழுதியிருந்தாங்க: "நான்தான் வில்வம்னு சொன்னேனே." அத்தைக்கு போன் போட்டேன். "மகான்னா பெருசுன்னு யாருடா உனக்குச் சொன்னது"ன்னு கேட்டுட்டு ஒரு நிமிஷம் விடாம சிரிச்சாங்க. வில்வத்தோட இலையவிட மகாவில்வம் இலை பாதிகூட வராது.

கணக்கு: பிரஸ் 13,800, எண்ணெய் 4,500, ஷான் பேப்பர் 7,000, மொத்தம் 25,300 சாட். பூரிக்கட்டை தனி. பிரஸ் இல்லாமலே முடிச்சிருந்தா 11,500. அடுத்த தடவ மொத நாளே கிளையோடதான் பறிப்பேன், ஒவ்வொரு செடியிலயும் அடி இலை, நடு இலை, நுனி இலைன்னு மூணு அடிப்பேன், தாள்லயே ஒரு ஓரத்துல ஸ்கேலையும் மை தட்டி அடிப்பேன் (அளவ பென்சில்ல எழுதினது பாதி அழிஞ்சு போச்சு). பிரஸ்ஸ ஜனவரிக்கு வச்சிருக்கேன், காஞ்ச காத்துல அது வேலை செய்யும்னு நம்பறேன்.

செடிய மாட்டெரு நிறுத்திட்டு, மணல் கூட்டி பெரிய தொட்டிக்கு மாத்தியாச்சு. பூசாரி ஐயாகிட்ட வில்வம், மகாவில்வம் ரெண்டு அச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன், கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு, மகாவில்வம்னா சரி, அடுத்த பிரதோஷத்துக்கு கொண்டான்னாரு. விளா இலைக்கு மாமாகிட்ட சொல்லியிருக்கேன், ஈரப் பேப்பர்ல சுத்தி பிளாஸ்டிக் பையில போட்டு பஸ்ல ஏத்தி விடுங்கன்னு. கிளையோட, மாமா, கிளையோடன்னு மூணு தடவ சொன்னேன்.